ஆறு ஷாக்கிள்

எண்ணூருக்கு வெளியே, இருபத்திரண்டு மீட்டர் ஆழத்தில்
வயிறு நிறைய நிலக்கரியோடு
பதினோராம் நாளாய் நிற்கிறோம். உள்ளே இடமில்லை.
இங்கிருந்து அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரியும்,
தெற்கே கிரேன்கள்,
அதற்கும் தெற்கே, எனக்கு மட்டும்,
பவர்குப்பத்தில் என் வீட்டு மாடியின் நீலத் தண்ணீர்த் தொட்டி.
செகண்ட் மேட் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

நங்கூரம் இறக்கியது நான்தான்.
விண்ட்லாஸில் கோத்தபடியே மெல்ல இறக்கி
தரை கிட்டே வந்தபின்தான் பிரேக்கைத் தளர்த்தினேன்.
சங்கிலிக்கு நேரே ஒருவரையும் நிற்க விடவில்லை.
பாரதீப்பில் பார்த்திருக்கிறேன்,
பிரேக் பிடிக்காமல் ஓடிய சங்கிலி
கடைசி வளையத்தையும் பிய்த்துக்கொண்டு போனதை.
முதலில் சத்தம். அப்புறம் தீப்பொறி.
பெஞ்சமினின் ஹெல்மெட் மட்டும்
வெகுநேரம் உருண்டுகொண்டிருந்தது.

வெள்ளை பூசிய வளையங்களை எண்ணி எண்ணி மணியடித்தேன்.
ஆறு ஷாக்கிள் தண்ணீரில்.
நங்கூரம்தான் கப்பலைப் பிடிக்கிறதென்று
கரையில் நினைக்கிறார்கள்.
பாதிப் பிடி சங்கிலியுடையது.
சேற்றில் நீளமாய், சோம்பேறி போல, கிடக்க வேண்டும் அது.
விறைத்து நிமிர்ந்தால் நமக்குக் கேடு.

கார்த்திகை. இரவு இரண்டு மணி.
கொண்டலாய் அடித்த காற்று வாடைக்குத் திரும்பியது.
சங்கிலிமேல் உள்ளங்கையை வைத்தேன்.
நல்ல சங்கிலி, தீனி தின்ற மாடுபோல் கனத்துக் கிடக்கும்.
இது முனகியது.
விட்டு விட்டு, கைக்குள் சரளை உருள்வதுபோல.

வாக்கி டாக்கியில் சொன்னேன்.
"திரையில் வட்டத்துக்குள்தான் இருக்கிறோம் போசன்."
"புகைபோக்கியைப் பாருங்க சார்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
புகைபோக்கி இரண்டு டிகிரி நகர்ந்திருந்தது.

கேப்டன் பனியனோடு வந்தார்.
இன்னும் ரெண்டு ஷாக்கிள் விடலாமா என்றார் யாரோ.
பின்னால் அரை மைலில் ஒரு டேங்கர் தூங்குகிறது.
"எஞ்சின் வரட்டும். எடுத்துவிடு."

டார்ச்சைக் கீழே அடித்தால்
சங்கிலியில் கயிறு கட்டி
ஒரு ஃபைபர் போட்டு ஆடிக்கொண்டிருக்கிறது.

"யோவ்! கயித்த அவுருயா! சங்கிலி மேல வருது!"
"இன்னாது, பனாமா கப்பல்ல தமிழு பேசுறாங்கோ?"
"பேசிக்கினு இருக்காத! மூக்கு திரும்புச்சின்னா உன் போட்டு அப்பளம்!"
"நீ எந்த ஏரியா?"
"பவர்குப்பம், ரெண்டாவது தெரு."
"அஞ்சுகம் வூட்டுக்காரரா? அண்ணே, நான் எத்திராஜு!"
"அண்ணன் அப்பால. கத்தி கீதா?"

கயிறு அறுந்தது. மோட்டார் இருமி, பிடித்தது.
வெளிச்சத்தின் விளிம்புக்கு அவன் போகும் வரை
கையைத் தூக்கி விண்ட்லாஸ்காரனை நிறுத்தி வைத்தேன்.
பிரிட்ஜில் திட்டினார்கள். இறக்கவில்லை.

பிறகு ஏறியது, வளையம் வளையமாய்,
ஹோஸ் அடிக்க அடிக்கச் சேறு உதிர,
சாம்பல் கலந்த எங்கள் எண்ணூர்ச் சேறு,
முப்பது நாட்டில் நங்கூரம் போட்டும்
இந்த நிறம் வேறெங்கும் கண்டதில்லை.
நங்கூர விளக்கை அணைத்தார்கள்.
மாடியில் யாராவது விழித்திருந்தால்
கறுப்பில் ஒரு வெள்ளைப் புள்ளி குறைந்திருக்கும்.

வாடையை முகத்தில் வாங்கிக்கொண்டு
ஆழத்துக்குப் போனோம்.
விடியுமுன் போனில் ஒரே ஒரு கோடு.
அஞ்சுகத்தின் செய்தி:
"எத்திராஜு வந்து சொன்னான். ஊரே கேக்குற மாரி கத்துனியாமே.
கயிறு எழுநூறு ரூபாயாம். கேக்குறான்."

தரேன்னு சொல்லு என்று அடித்தேன்.
அனுப்புவதற்குள் அந்தக் கோடும் போயிற்று.

லாக் புத்தகத்தில் செகண்ட் மேட் எழுதியிருந்தான்:
02:40. நங்கூரம் எடுக்கப்பட்டது. காற்று.
கயிறு பற்றி ஒன்றுமில்லை.